மச்சாள் வைத்த நேர்த்தி

"தன்ர காலை வைச்செல்லோ நேர்த்தி வைக்கவேணும். அடுத்தவளின்ர காலிலயோ வைக்கிறது?"

பக்கத்து வீட்டு நல்லம்மா வேலிக்கு மேலால் கேட்டது நியாயமான கேள்விதான்.

பூரணிக்குப் பிள்ளை பிறந்து துடக்குக் கழிந்த மறுநாளே, புருஷன் ஆனந்தராசாவின் அக்கா பாக்கியரத்தினம் அந்தச் சட்டத்தைப் போட்டுவிட்டாள்.

"பேறு நல்லபடி முடிஞ்சா, தாய் விடியக்காலமை மலைக்கோயிலுக்கு நடந்துவந்து கும்பிடுவாள் எண்டு கோணேசருக்கு நேர்த்தி வைச்சனான். நாளையிலிருந்து போம்."

"எவ்வளவு நாளைக்கு மச்சாள்?"

"நான் சொல்லுமட்டும்."

மச்சாள் கலியாணம் கட்டாதவள். அந்த வீட்டில் அவள் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. துறைமுகக் கந்தோரில் எல்லாரையும் அதட்டி வேலை வாங்குகிற ஆனந்தராசாவே அக்காவுக்கு முன்னால் பெட்டிப்பாம்பு.

பூரணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கனவே அவள் நொந்துபோயிருந்தாள். திருகோணமலை ஆசிரியைகளின் வலைப்பந்து அணியில் நடு ஆட்டக்காரி அவள்தான். வருஷக் கடைசியில் மட்டக்களப்பாரோடு ஆட்டம். திரும்பவும் ஆட அவளுக்குக் கொள்ளை ஆசை. வாய்விட்டுக் கேட்டதற்கு ஆனந்தராசா ஒரே பேச்சில் முடித்துவிட்டான்.

"பிள்ளை பெத்த பொம்பிளை றோட்டில ஓடிப் பழகினா நாலு சனம் என்ன கதைக்கும்?"

ஓடக் கூடாதாம், ஆனால் மலை ஏறவேண்டுமாம். நல்ல நியாயம். இருந்தும் நேர்த்தியை மீற அவளுக்குத் துணிவில்லை. கைக்குழந்தை இருக்கிற வீடு.

முதல் நாள் மலையடியில் இருக்கிற கோட்டை வாசலைத் தொடும்போதே இடுப்பும் நாரியும் விட்டுப்போயின. பாதியில் திரும்பி வந்து, "ஏலாது மச்சாள்" என்று கதிரையில் சாய்ந்தாள்.

"அப்ப கோட்டை வாசலில நிண்டு கும்பிட்டிட்டு வாரும். கோணேசர் கோவிக்கமாட்டார்."

அந்த மட்டில் இரக்கம் என்று பூரணி நினைத்தாள். ஆனால் நாரி தேறத் தேற மச்சாளின் சட்டமும் மலை ஏறியது. கொஞ்ச நாளில் பாதி மலைவரை. பிறகு உச்சிவரை. பிறகு பூசை மணி அடிக்க முந்திச் சந்நிதியில் நிற்கவேண்டும். அதோடாவது விட்டாளா?

"பிள்ளைக்குப் பால் குடுத்து முடிச்சிட்டுத்தான் வெளிக்கிடவேணும்."

"பிறகெப்பிடி மணிக்கு முந்திப் போறது? ஓடத்தான் வேணும்."

"ஓடும். சாமிக்கு ஓடுறதில என்ன வெக்கம்?"

ஓடினாள். சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். பாண் ரொட்டிக்கும் வரிசையில் நிற்கவேண்டியிருந்த காலம் அது. கூட்டுறவுச் சங்கக்கடை வாசலில் விடியமுன்னமே கூடிவிடுகிற சனம் அவளைக் கண்டதும் விலகி வழிவிட்டது. "கோணேசற்ற நேர்த்தி" என்று காதோடு காது சொல்லிக்கொண்டார்கள். ஒரு பெரியவர் கையெடுத்துக் கும்பிட்டும் வைத்தார். பூரணிக்குச் சிரிப்பும் மூச்சும் சேர்ந்து வந்தன. கோபம் மட்டும் ஆறவில்லை.

மச்சாளோ பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு வீட்டிலேயே இருந்தாள்.

"தான் சொகுசாய்க் கதிரையில, வந்தவள் மலையில" என்று நல்லம்மா வீதி முழுக்கச் சொல்லித் திரிந்தாள்.

ஒருநாள் பாண் வரிசையில் நின்ற றுக்கியா ரீச்சர், பூரணி ஓடிப்போவதைக் கண்டாள். வலைப்பந்து அணிக்குப் பொறுப்பானவள் அவள்தான். அன்று பின்னேரமே ஆனந்தராசாவைத் தேடி வந்துவிட்டாள்.

"உங்கட மனுசி ஊர் பார்க்க மலைக்கே ஓடி ஏறுறா. சமதரையில ஓடினா மட்டும் என்ன குறைஞ்சிடும்?"

ஆனந்தராசா அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டிருந்தாள். வீதியோ பூரணி ஓடுவதைப் பார்த்துப் பழகி எவ்வளவோ நாளாகிவிட்டது. இனி எந்த நாலு சனத்தைக் காட்டி அவன் மறுப்பது?

"சரி, ஆடட்டும்" என்றான்.

ஆட்டத்தன்று மட்டக்களப்பார் களைத்துப்போனார்கள், பூரணி களைக்கவில்லை. கடைசிவரை பந்து எங்கேயோ அங்கே அவள் நின்றாள். கேடயம் திருகோணமலைக்கு. நல்லம்மா முன்வரிசையில் நின்று தொண்டை கிழியக் கத்தினாள். ஆனந்தராசா பிள்ளையைத் தோளில் தூக்கிவைத்துக்கொண்டு, கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் "அது என்ர மனுசி" என்று சொல்லிக்கொண்டு நின்றான். பூரணிக்குத் தன் உடம்பை நினைக்கவே பெருமையாக இருந்தது. பிள்ளையையும் பெற்றது, கேடயத்தையும் வென்றது இந்த உடம்புதானே.

மச்சாள் மட்டும் மைதானத்துக்கு வரவில்லை. அவர்கள் வீடு திரும்பும்போது சுடுதண்ணி வைத்துவிட்டு வாசலில் காத்துக்கொண்டு நின்றாள்.

பூரணியின் கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது.

"எல்லாம் உங்கட நேர்த்தியால வந்தது மச்சாள். நீங்கள் என்னை மலையில ஏத்தாட்டி இண்டைக்கு நான் பாதியிலயே களைச்சு இருந்திருப்பன். சொல்லுங்கோ, கோணேசருக்கு எப்ப பொங்கி நேர்த்தியை முடிக்கிறது?"

பாக்கியரத்தினம் பிள்ளையை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"நான் எங்க நேர்த்தி வைச்சனான்? ஓடிப்பழகப் போறாள் எண்டு சொன்னா என்ர தம்பியும் விட்டிருக்கமாட்டான், இந்த வீதியும் விட்டிருக்காது. நாளைக்குக் காலமை நீர் வீட்டில நிண்டு பிள்ளையைப் பாரும். கோணேசற்ற பேரில பொய் சொன்ன குற்றத்துக்கு இனி நான்தான் மலை ஏறவேணும்."