பாட்டில் வரும் அந்தப் பெண்

திரைச்சீலைக் கடைக்காரர் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு புறப்பட்டார். சொந்தமாக எழுதிய பாட்டுகளை அன்றுதான் முதன்முதலாக மேடையில் பாடப் போகிறார். மனைவி மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை.

"அவ யாருன்னு சொன்னாத்தான் நான் வருவேன்."

"யாரைச் சொல்ற?"

"'வாசலைத் தாண்டிப் போனாளே, திரும்பிக்கூடப் பார்க்கலையே'ன்னு உருகுறீங்களே, அவளைத்தான். எந்தப் பாட்டை எடுத்தாலும் எவளோ ஒருத்தி போய்க்கிட்டே இருக்கா!"

"ஒருத்தி இல்லம்மா, நிறைய பேர்."

"அடப்பாவி மனுஷா! இதுல பெருமை வேறயா?"

"விலை கேட்டுட்டு, நாம கூப்பிடுவோம்னு மெதுவா நடந்து போறவங்கடி. நான் வீம்புக்குக் கூப்பிட மாட்டேன். போனப்புறம் மனசு அடிச்சுக்கும். அதுதான் பாட்டா வருது."

அவளுக்குச் சிரிப்பு முட்டியது. அடக்கிக்கொண்டாள்.

"ஒருத்தியைக்கூடவா கூப்பிட்டதில்ல?"

"ஒரே ஒருத்தியைக் கூப்பிட்டேன். தெருமுனை வரைக்கும் பின்னாலயே ஓடினேன். பச்சைத் துணியை அநியாய விலைக்குக் கேட்டவ. அவளைப் பத்தி மட்டும் இன்னிக்கு வரைக்கும் ஒரு வரி வரல."

"எப்படி வரும்? முதல் சலவையிலேயே அந்தத் துணி சாயம் போச்சே!" என்றபடி அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.