நாலு முழுக்கைச் சட்டை

"இந்தச் சட்டைக்குள்ளே இப்போ உன்னை மாதிரி ரெண்டு பேர் குடித்தனம் பண்ணலாம்" என்று சிரித்தாள் தையல்காரம்மா. சட்டைகளைக் கொண்டுவந்திருந்த இவள் தோளில் அதை வைத்துப் பார்த்தாள். இரண்டு பக்கமும் துணி தொளதொளவென்று தொங்கியது.

இவளும் சிரித்து வைத்தாள். பையில் இன்னும் மூன்று இருந்தன. எல்லாம் அலுவலகத்துக்குப் போடும் முழுக்கைச் சட்டைகள், துவைத்து இஸ்திரி போட்டு மடித்தவை.

"எத்தனை கிலோ குறைஞ்சே?"

"நாற்பத்தொண்ணு. போன வருஷம் ஆபரேஷன் பண்ணி வயித்தைச் சின்னதாக்கினாங்க."

தையல்காரம்மாவுக்கு அது தெரியாமல் இல்லை. கடை தெருமுனையில் இருந்தது. ஜன்னல் வழியாக இவள் வாராவாரம் இளைத்துக்கொண்டே போனதைப் பார்த்தவள்தான் அவள்.

அவளும் லேசுப்பட்ட உருவம் இல்லை. மிஷினை மிதித்து மிதித்து இரண்டு முழங்காலும் போய்விட்டன. அப்படி உழைக்கிறவளைப் பார்த்து, "உட்கார்ந்து தின்னா இப்படித்தான்" என்று அளவு கொடுக்க வருகிறவர்கள் இலவச வைத்தியம் சொல்லிவிட்டுப் போவார்கள். குண்டாக இருப்பவளுக்குப் புத்தி சொல்ல ஊரில் யாருக்கும் எந்தத் தகுதியும் வேண்டியதில்லை.

"ஆபீஸ்ல இப்போ எப்படி நடத்தறாங்க?"

"குட்மார்னிங் சொல்றாங்க. லிஃப்ட்ல இடம் விடறாங்க. முன்னாடி நான் ஏறினா ரெண்டு பேர் இறங்கிப்பாங்க."

"நல்லதுதானே?"

"நல்லதுதான். ஆனா அப்போ இருந்தவளும் நான்தானேம்மா? ஆறு வருஷத்துல அவளுக்கு ஒருத்தரும் ஒரு குட்மார்னிங் சொல்லலை." டேப்புக்காகக் கைகளைத் தூக்கியபடி இவள் தொடர்ந்தாள். "கத்தி வச்சுக் குறைச்சதெல்லாம் ஒரு குறைப்பான்னு கேக்கறவங்களும் இருக்காங்க. விருந்துக்குப் போனா நாலு வாய்க்கு மேல இறங்காது. உடனே கர்வம் பிடிச்சவள்னு பேரு."

"ஊர் வாயை மூட உலைமூடி ஏது, விடு." தையல்காரம்மா கத்தரிக்கோலை எடுத்தாள். "ரெண்டு பக்கமும் வெட்டி எடுத்துடறேன்."

"வெட்ட வேண்டாம்மா" என்றாள் இவள் அவசரமாக. "உள்ளே மடிச்சுத் தைச்சாப் போதும்."

"திரும்ப ஊதிடுவோமோன்னு பயமா? கெட்டிக்காரிதான்." அடுத்து கையை அளந்தவள் புருவத்தைச் சுருக்கினாள். "இதென்ன, கை ரெண்டு இஞ்ச் நீளமா இருக்கு? சதை கரையும், எலும்புமா கரையும்? எவன் தைச்சானோ, அளவெடுக்கவே தெரியாதவன்."

"அதை அப்படியே விட்டுடுங்க. நான் மடிச்சு விட்டுக்கிறேன்."

தையல்காரம்மா டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டிருந்தது.

"உங்கிட்டே ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருக்கேன். என் பொண்ணு அடுத்த மாசம் பட்டம் வாங்கறா. 'நீ வந்து கஷ்டப்படாதேம்மா, அங்கே படி நிறைய'ன்னு சொல்லிட்டா. படி இல்லை காரணம்னு எனக்குத் தெரியாதா?"

இவள் பையிலிருந்த அடுத்த சட்டையை எடுத்து மடிப்பை நீவினாள்.

"ஆஸ்பத்திரியில எனக்கும் தேதி குடுத்திருக்காங்க. வர்றேனா இல்லையான்னு இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ளே சொல்லணும். டாக்டர் என்ன சொன்னாலும் மனசு கேக்கலை, பயமா இருக்கு. நீ பண்ணிக்கிட்டவ. பயப்பட ஒண்ணுமில்லை, தைரியமாப் போங்கன்னு ஒரு வார்த்தை சொல்லு. போயிடறேன்."

எதைச் சொன்னாலும் அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் அவள் நடப்பாள் என்பது இவளுக்குத் தெரிந்தது. அதுதான் இவளைக் கொன்றது.

"எனக்கு நல்லபடியாத்தான் நடந்தது" என்றாள் கடைசியில். "மாடி ஏறினா மூச்சு வாங்கலை. சர்க்கரை மாத்திரையை நிறுத்திட்டாங்க. அது எதுவும் பொய் இல்லை."

"அப்புறம் என்ன? போங்கன்னு சொல்லிடேன்."

"அந்த வார்த்தையை ஒருத்திக்குச் சொல்லிட்டேன்மா. மூணு மாசம் ஆச்சு. என் தங்கச்சி. உங்களை மாதிரியேதான் பயந்தா. நான்தான் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போனேன்."

தையல்காரம்மாவின் முகம் மலர்ந்தது. பாதி பயம் அப்போதே போய்விட்டது போல எழுந்து நின்றாள்.

"அட, அக்கா தங்கச்சி ரெண்டு பேருமா? இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன? அவளையும் பழைய சட்டையெல்லாம் எடுத்துக்கிட்டு வரச் சொல்லு. உனக்கு உள்ளே மடிச்சுத் தைக்கிற மாதிரி அவளுக்கும் நானே தைச்சுத் தரேன்."

இவள் மேசை மேலிருந்த சட்டையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். மூன்று மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை, யாரோ ஒருவருடைய கடையில், யாரோ ஒருவர் முன்னால் பொங்கி வந்தது.

"வர்றதுக்கு அவ இல்லைம்மா. இது அவ சட்டைதான்."