ஒன்பதாவது வளைவு

"சூறை கம்பெனி பந்தயக் காரோட நிறுத்தியிருக்கணும். இது காரா, கல்யாண மண்டபமா?"

கோவை கார் பிரியர்கள் சங்கத்தில், சூறை கம்பெனி புதிதாக விட்ட அந்தப் பெரிய சொகுசு காரை அதிகம் திட்டியவர் தருண்தான். கை நடுக்கத்தால் லைசென்ஸ் பறிபோய் இரண்டு வருடமாகியும் அவர் வாய் ஓயவில்லை.

"ஒருக்கா உக்காந்து பார்த்துட்டு அப்புறம் திட்டுங்கண்ணா," என்றார் அதை வாங்கியிருந்த மிதுன். தருணின் பழைய சூறை காரில் பதிவாகியிருந்த, இருபது வருடம் அவர் ஓட்டிய விதத்தை முந்தின நாளே மிதுன் இதில் ஏற்றி வைத்திருந்தார்.

தருண் முன்னால் உட்கார்ந்தார். மனைவி வர்ஷினி பின்னால் காலை நீட்டிக்கொண்டார். கார் தானாகவே வால்பாறை மலைப்பாதையில் ஏறியது. ஒன்பதாவது கொண்டை ஊசி வளைவில் கடைசி நொடிவரை பிரேக் பிடிக்காமல் போய், உள்பக்கம் ஒட்டித் திரும்பியது. அது தன் கை என்று தருணுக்கு உடனே தெரிந்துவிட்டது. கைகளோ மடியில் நடுங்கிக்கொண்டிருந்தன.

"ஏனுங்க, எத்தனை தடவை சொல்றது? வளைவுல மெதுவாப் போங்க!" என்று பின்னாலிருந்து கத்தினார் வர்ஷினி.

"சரிம்மா," என்றார் தருண், இரண்டு வருடத்துக்குப் பிறகு.

எப்போதும்போல, கார் வேகம் குறையவில்லை.