மூத்திரச் சந்து

சந்துச் சுவரில் ஒட்டிய கண்ணீர் அஞ்சலி போஸ்டரின் நான்கு முனைகளையும் இசக்கித்துரை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்தார். படத்தில் சிரித்த முகம். கல்யாணத்தன்று எடுத்தது.

குப்பை வாளியோடு வெளியே வந்த எதிர்வீட்டு பெனிட்டா அப்படியே நின்றுவிட்டாள்.

"அண்ணாச்சி! என்ன இது?"

"சத்தம் போடாத தாயி. யாரு கேட்டாலும் ஒண்ணும் சொல்லாத. உள்ள போ."

அவள் போஸ்டரை முழுசாகப் படித்தாள். வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். ஓடும்போது தோள்கள் குலுங்கின.

அன்று கோமதியம்மனுக்கு ஆடித்தபசுத் திருவிழா. விடிவதற்கு முன்பே சங்கரன்கோவில் பிதுங்கியது. ரதவீதியில் கால் வைக்க இடமில்லை. வந்தவர்கள் பானகத்தையும் மோரையும் கண்ட இடத்தில் வாங்கிக் குடித்தார்கள். குடித்ததை இறக்கிவைக்க இந்தச் சந்துக்கு வந்தார்கள்.

சந்து முனையில் பக்தர்களுக்கு போர்டு இருந்தது. எச்சில் இலையைத் தெருவில் போடக் கூடாது, துப்பக் கூடாது, பொது இடத்தில் சிறுநீர் கழிக்கக் கூடாது. கழிப்பறைக்கு வழிகாட்டி அம்புக்குறியும் போட்டிருந்தது. போன வருடம் ஒருவன் ஈர வேட்டியை அந்தப் போர்டின் மேல் காயப்போட்டுவிட்டு, அதன் நிழலிலேயே குந்தினான்.

இசக்கித்துரை கத்திப் பார்த்தார். தண்ணீரை விசிறி அடித்துப் பார்த்தார். கடைசியில் மூன்று மதத்துச் சாமிகளும் இருக்கிற டைல்ஸை வாங்கிச் சுவரில் பதித்தார். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அப்புறம் இரண்டடி தள்ளி நின்று போனார்கள்.

அந்த இரண்டடி தள்ளித்தான் ஜன்னல். பக்கவாதத்தில் விழுந்த நாளிலிருந்து அவர் மனைவி பொன்மணியின் கட்டில் அதை ஒட்டிக் கிடந்தது. திறந்தால் சந்து முனை தெரியும். தபசு அன்று அம்மனின் தங்கச் சப்பரம் அந்த வழியாகத்தான் கடக்கும்.

போன தபசுக்கு அவள் ஆசைப்பட்டாள் என்று ஜன்னலைத் திறந்தார். உள்ளே வந்த நாற்றத்தில் அவளுக்குக் குமட்டிப் புரையேறியது. புரண்டு படுக்கவும் முடியாத உடம்பு, கண் செருகிவிட்டது. அவளைத் தூக்கி நிமிர்த்தி முதுகைத் தடவிக்கொண்டே ஒரு கையால் ஜன்னலை அறைந்து சாத்தினார். சப்பரம் போகிற மேளச் சத்தத்தை இரண்டு பேரும் இருட்டுக்குள்ளிருந்து கேட்டார்கள்.

"அடுத்த தபசுக்குத் தொறந்து வைக்கேன்ட்டி. எந்தப் பய நிக்கான்னு பாப்போம்."

"ஆமா, அதுக்கு நீங்க ஊரையே காலி பண்ணணும்," என்று அவள் கோணிய வாயால் சிரித்தாள்.

இந்தத் தபசுக்கு ஜன்னலின் இரண்டு கதவுகளும் திறந்திருந்தன. சுவரைப் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவியிருந்தார். ஜன்னலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தாடியைச் சொறிந்தபடி உட்கார்ந்துகொண்டார்.

முதலில் இரண்டு இளவட்டங்கள் வந்தார்கள். ஒருவன் பேன்ட் ஜிப்பில் கை வைத்தவன், போஸ்டரைப் பார்த்துவிட்டான்.

"ஏலே, எழவு வீடுலே. மூதி, வா போவோம்."

பிறகு வந்தவர்களும் அப்படியே. சாமிக்கு இரண்டடி தள்ளி நின்றவர்கள், சாவுக்குச் சந்து முனையிலேயே திரும்பினார்கள். இசக்கித்துரை ஒவ்வொருவனையும் புழுவைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

உச்சி வெயிலில் ஒரு வேன் கூட்டம் வந்தது. வெளியூர் ஆட்கள். முன்னால் வந்த தடித்த மனிதர் வேட்டியைத் தூக்கிவிட்டார். தூக்கிய வேகத்தில் இறக்கினார்.

"டேய், எல்லாரும் திரும்புங்கடா! மனுசன் செத்துக் கெடக்கான், இங்க வந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல?"

மற்றவர்களை விரட்டிவிட்டு அவர் மட்டும் நின்றார். அம்மனுக்கு வாங்கி வைத்திருந்த மாலையைப் பிரித்து, போஸ்டருக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினார். இசக்கித்துரையின் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தார்.

"மனசத் தேத்திக்கங்க பெரியவரே. சிரிச்ச முகம். இப்படியா ஆகணும்?"

இசக்கித்துரை அந்த ஆளின் மேலிருந்து வந்த வியர்வை நாற்றத்துக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மேளம் நெருங்கியது. ஜனம் "கோமதித் தாயே" என்று அலற, சந்து முனையைத் தங்கச் சப்பரம் மெல்லக் கடந்தது. தடித்த மனிதர் எழுந்து கைகூப்பினார்.

அவர் முதுகுக்குப் பின்னால் ஜன்னலுக்குள்ளிருந்தும் ஒரு குரல் கேட்டது. குழறிய பெண் குரல்.

"பாத்துட்டேன்... தாயே, பாத்துட்டேன்!"

அவர் திடுக்கிட்டு எட்டிப் பார்த்தார். தலையணைகளில் சாய்த்து வைத்திருந்த பெண்ணின் நெற்றி நிறையக் குங்குமம். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சிரித்துக்கொண்டும் இருந்தாள்.

"பெரியவரே... படத்துல இருக்கவரு இந்த அம்மாவுக்கு என்ன வேணும்?"

"புருசன்."

"என்னது? பூவும் பொட்டுமா இருக்காங்க! அப்ப நீங்க யாரு?"

இசக்கித்துரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார்.

"செத்தவன் நாந்தாம்வே."