ஆதிலட்சுமிக்குப் பிடித்த ஐந்து பிளேட்டு

ரிக்கார்டு பிளேட்டின் மேல் முள் கரகரவென்று இழுத்துக்கொண்டு போய் விழுந்தது.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆதிலட்சுமிக்கு முறம் கையிலேயே நின்றுவிட்டது.

பாட்டு என்னவோ சரியான பாட்டுதான். பச்சை அட்டை பிளேட்டு, புல்லாங்குழலில் ஆரம்பிக்கும். மாரியம்மன் கோயில் வேப்பமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கர் அதை ஊர் முழுக்கக் கொட்டியது. ஆனால் முள்ளை வைத்தது சாமுவேலின் கை இல்லை.

அவன் வைத்தால் சத்தமே வராது. தூங்குகிற பிள்ளையைப் பாயில் கிடத்துகிற மாதிரி வைப்பான்.

உத்திரமேரூரில் அவள் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போகும் மாடிக்குக் கீழேதான் அவன் வேலை பார்க்கும் மைக் செட் கடை. ஆதிலட்சுமிக்குச் சோறு தண்ணி வேண்டாம், பாட்டு இருந்தால் போதும். போன ஆடிக்கும் இந்த ஆடிக்கும் நடுவில் வந்த பிளேட்டுகளில் எது ஒசத்தி என்று இரண்டு பேரும் கடை வாசலில் சண்டை போட்டுச் சண்டை போட்டே ஒருவரிடம் ஒருவர் மாட்டிக்கொண்டார்கள்.

அவள் ஐந்தைப் பொறுக்கினாள். பச்சை அட்டை. படகு போட்டது. பொம்பளை சிரிக்கிற முகம் போட்டது. முழுக்கக் கறுப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாக, நீல அட்டை. இந்த வரிசை அவனைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

போன வாரம் சாமுவேல் சொன்னான்: "கூழு ஊத்தற அன்னிக்கி உன் அஞ்சு பிளேட்டையும் நீ சொன்ன வரிசையிலயே போடறேன். அஞ்சாவது முடிஞ்சா நான் செட்ட வுட்டுட்டு கெளம்பிட்டேன்னு வச்சிக்க. நீயும் பின்பக்கமா ஏரிக்கரை பஸ்ஸுக்கு வந்துடு."

அவன் காலனிப் பையன், சர்ச்சுக்குப் போகிற குடும்பம். அவளோ வீராசாமியின் பெண், ஊரில் பாதி நிலம் அவர் பேரில். தெரிந்தால் வெட்டிப் போட்டுவிடுவார்கள். இதெல்லாம் இந்தப் பக்கம் சும்மா பேச்சுக்குச் சொல்வதில்லை.

படகு பிளேட்டு மாறியது. மறுபடியும் கரகர.

வரிசை தப்பவில்லையே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். பாவம், அவனுக்கும் பயம், கை நடுங்குகிறது, வேறென்ன? அந்தப் பயந்தாங்கொள்ளியை நினைத்துக் கொஞ்சம் சிரிப்புக்கூட வந்தது.

துணிப்பை விறகுக் கட்டுக்குப் பின்னால் தயாராக இருந்தது. அம்மா கோயிலில். அண்ணன் சின்னராசு விடிந்ததிலிருந்தே கண்ணில் படவில்லை. கூழ் குடித்துவிட்டு ஊரே மரத்தடியில் சாய்ந்திருக்கும் நேரம். எல்லாம் நினைத்தபடிதான்.

அப்பா மட்டும்தான் நினைத்தபடி இல்லை. கோயில் காரியம் முடியாமல் வீடு திரும்பாத மனுஷன், இன்றைக்குப் பாதியிலேயே வந்து, பின்வாசலை மறித்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாவது ஓடியது. அவர் அசையவில்லை. நான்காவது ஓடியது. துண்டால் ஒரு தடவை முகத்தைத் துடைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

வீராசாமிக்குப் பாட்டெல்லாம் வெறும் சத்தம். எது ஆரம்பம் எது முடிவு என்றுகூடத் தெரியாது. அந்த ஒன்றில்தான் ஆதிலட்சுமிக்குத் தைரியம்.

நான்காவது முடிந்தது. முன்வாசல் வழியாகவாவது போய்விடலாம் என்று எழுந்தாள். "கோயிலாண்ட போயிட்டு வரேன், நைனா."

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இன்னும் ஒண்ணு பாக்கி கீது. அது முடியட்டும். குந்து."

குந்தினாள்.

ஒன்று பாக்கி என்று இவருக்கு யார் சொன்னது? வரிசை தெரிந்தவர்கள் இந்த உலகத்திலேயே இரண்டு பேர். ஒருத்தி இங்கே உட்கார்ந்திருக்கிறாள். அப்படியென்றால் அவன் வாயைத் திறக்க வைத்திருக்கிறார்கள். ஐயோ, என்ன செய்து திறக்க வைத்தார்களோ!

நீல அட்டை ஆரம்பித்தது. ஒரு வருஷமாக உயிரையே உருக்கிய பாட்டு. எப்போது முடியும் எப்போது முடியும் என்று காலையிலிருந்து தவித்தவள், அம்மா தாயே, இது முடியவே கூடாது என்று கோயில் பக்கம் பார்த்துக் கும்பிட்டாள்.

பாட்டு சிக்கிக்கொண்டது.

ஒரே வரி. திரும்ப அதே வரி.

ஆதிலட்சுமி எண்ண ஆரம்பித்தாள். மாசியில் அத்தை வீட்டுக் கல்யாணத்தில் இப்படித்தான் சிக்கியது. மாட்டுக்கொட்டகை ஓரம் தனியாகப் போட்டிருந்த இலையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த சாமுவேல், குழம்புக் கையோடு எழுந்து ஓடினான். அதே வரி நாலாந்தடவை வருவதற்குள் இடது கையால் முள்ளைத் தூக்கிவிட்டான். பிளேட்டில் கீறல் விழுந்தால் தன் தோலை உரிக்கிற மாதிரி இருக்கும் என்று அப்புறம் அவளிடம் சொன்னான். எங்கே இருந்தாலும் ஓடி வந்துவிடுவான்.

மூன்றாந்தடவை. நாலாந்தடவை.

ஓடி வாடா, ஓடி வந்து தூக்குடா.

அதே வரி. அதே வரி. அப்பா நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தார். வெயில் முற்றத்தைத் தாண்டி நெல் குதிர் வரைக்கும் வந்துவிட்டது. ஏரிக்கரையில் பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

முள்ளைத் தூக்க யாரும் ஓடி வரவில்லை.