நீலாம்பாள் கொல்லையில் ஒரு புதுச் செடி

இது குடியிருப்புச் சட்டம் வந்த மறுவருஷமா, அதற்கும் அடுத்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தை மாதம் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அதிலும் கொஞ்சம் சந்தேகம் உண்டு.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், தன் வயல் வரப்பில் நின்றபடி வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தார் மிராசுதார் துரைராசு. நீலாம்பாளின் குடிசைக் கொல்லை அது. நாலு குச்சி நட்டு, பழைய புடவையைக் கட்டி மறைத்திருந்தாள். புடவை காற்றில் விலகியபோது உள்ளே வரிசையாகச் செடிகள் தெரிந்தன. ஒவ்வொன்றின் தண்டிலும் செய்தித்தாளைச் சுற்றி வாழைநாரால் கட்டியிருந்தாள்.

"என்ன செடி நீலாம்பா?"

"கொத்தமல்லிங்க ஐயா."

"கொத்தமல்லிக்கு எவளாவது சட்டை மாட்டி விடுவாளா?"

நீலாம்பாள் நிமிர்ந்தாள். மண்ணைப் பார்த்தாள், வானத்தைப் பார்த்தாள், கடைசியில் புடவையை இழுத்துச் செடியை மூடினாள். அதற்குள் காற்று ஒரு காரமான வாசனையைக் கொண்டுவந்துவிட்டது. கொத்தமல்லியும் இல்லை, ஓமமும் இல்லை.

"மழைக்கு முன்னாடி நாகூர் பஸ்லேர்ந்து ஒரு ஆள் இறங்கி இவகிட்ட பொட்டலம் குடுத்தாங்க. நானே பாத்தேன்" என்றான் கூட வந்த காரியக்காரன் முருகையன். "கஞ்சாவா இருக்குமோங்க?"

துரைராசுவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

காரணம் இருந்தது. சட்டம் வருவதற்கு முன்பிருந்தே குடியிருக்கும் கூலியாளுக்கு அந்த மனை சொந்தம் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. செத்துப்போன வீரையனின் பெண்டாட்டி நீலாம்பாளும் மனுக் கொடுத்திருந்தாள். 'அவள் போன வருஷம்தான் வந்து ஒண்டிக்கொண்டாள்' என்று துரைராசு சாதித்தார். உண்மை ஊருக்கே தெரியும். ஆனால் ஊருக்கே கூலி கொடுப்பவர் அவர். எவனும் வாயைத் திறக்கவில்லை. இருந்தாலும் இந்தப் புது ஆட்சியில் தாசில்தார் எந்தப் பக்கம் சாய்வார் என்று யார் கண்டது? ஜெயிலுக்குப் போனவளுக்கு மனை எதற்கு?

தாசில்தார் விசாரணைக்கு வந்த அன்றே, கஞ்சா என்று தகவல் கொடுத்து, சப் இன்ஸ்பெக்டரும் வந்து இறங்கும்படி துரைராசு பார்த்துக்கொண்டார்.

"இந்தக் கொல்லை யாருது?" என்றார் சப் இன்ஸ்பெக்டர், வேலியைத் தாண்டுவதற்கு முன்பாக.

நீலாம்பாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "எனக்கு என்னங்க தெரியும்? ஐயா சொல்றாப்புல நான் போன வருஷம் வந்து ஒண்டினவ. கொல்லை பண்ணையோடது. ஐயா ஆளுங்கதான் எதையோ போட்டுத் தண்ணி ஊத்துறாங்க."

சப் இன்ஸ்பெக்டர் துரைராசு பக்கம் திரும்பினார். "அப்ப செடி உங்களுதா?"

துரைராசு பதறிக்கொண்டு முன்னால் வந்தார்.

"அண்டப்புளுகு சார்! இவளா போன வருஷம் வந்தவ? வீரையனைக் கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து இங்கதான் குடியிருக்கா. பதினஞ்சு வருஷமா இந்தக் கொல்லையைக் கொத்துறதும் இவதான், வெதைக்கிறதும் இவதான். ஊரையே கேளுங்க! டேய் முருகையா, சொல்லேண்டா!"

"ஆமாங்க" என்றான் முருகையன்.

ஐயாவே சொல்லச் சொன்ன பிறகு என்ன பயம்? வேலியோரம் நின்ற அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அம்சம் என்ற கிழவி, கல்யாணத்தன்று வீரையன் சைக்கிளோடு வாய்க்காலில் விழுந்ததைக்கூடச் சொன்னாள்.

தாசில்தார் பேனாவைத் திறந்தார். "எத்தனை வருஷம்னு சொன்னீங்க மிராசுதாரே?"

"பதினஞ்சு! எழுதிக்குங்க!"

சப் இன்ஸ்பெக்டர் புடவையை விலக்கி, ஒரு செடியின் காகிதத்தைப் பிரித்தார். வெளுத்த தண்டு ஒன்றை ஒடித்து முகர்ந்தார். ஓரத்தில் கடித்தும் பார்த்தார்.

"செலரி. மெட்ராஸ்ல சைனாக்காரன் ஓட்டல்ல சூப்புல மிதக்கும். தண்டு வெளுக்கணும்னு இப்படித்தான் பேப்பர் சுத்துவாங்களாம்."

துரைராசு ஏதோ சொல்ல வாயெடுத்தார். தாசில்தார் பேனாவை மூடிவிட்டார்.

பங்குனியில் நீலாம்பாள் பெயருக்குப் பட்டா வந்தது. முருகையன் பண்ணை வேலையை விட்டு நின்று, ஒரத்தநாட்டில் மாமனார் வீட்டோடு போய்ச் சேர்ந்துவிட்டான். துரைராசு அந்த வரப்புப் பக்கம் வருவதில்லை. சப் இன்ஸ்பெக்டர் கொண்டுபோன ஒரு கட்டு செலரியை அவர் சம்சாரம் புளிக்குழம்பில் போட்டுப் பார்த்தும், வீட்டில் எவரும் வாயில் வைக்கவில்லையாம்.

நீலாம்பாள் மீதிச் செடிகளை வேரோடு பிடுங்கி மாட்டுக்குப் போட்டாள். துரைராசு வாயாலேயே சாட்சி சொல்ல வைப்பதற்காக வளர்த்தாளே தவிர, அந்த வாசனை அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.