அளவு தெரியாத கை

"ஏன்டி டார்லீன், நல்லாத்தானே இருந்துச்சு? அதையும் எதுக்குப் பிச்சே?"

வெர்னாவுக்கு மனசு கேட்கவில்லை. டார்லீனோ, கோப்பையிலிருந்து பிய்த்த ஈரமண் கைப்பிடியைக் கசக்கி வாளியில் போட்டாள். காலையிலிருந்து ஒரே கோப்பையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

வடக்கு கரோலினா மலையடிவாரத்தில் தோழிகள் இருவருக்கும் பொதுவாக ஒரு மண்பாண்டக் கொட்டகை, ஒரு சூளை. தட்டும் கிண்ணமும் வெர்னாவின் வேலை. காபிக் கோப்பை என்றால் டார்லீன்தான். ஆளின் கையை ஒரு தடவை பார்த்தால் போதும், அந்தக் கைக்கென்றே அளவெடுத்ததுபோல் கைப்பிடி வைத்துவிடுவாள். தபால்காரர் ஹார்லனுக்கு நாலு தடித்த விரலும் தாராளமாக நுழையும். பாஸ்டரம்மாவுக்கு இரண்டே விரல். விடிந்ததும் ஊரே தன் கோப்பையைப் பிடித்துக்கொண்டுதான் கண் விழிக்கிறது என்பதில் அவளுக்கு அப்படியொரு சந்தோஷம்.

"யாருக்குடி இது?"

"ஒருத்தர் வர்றார். அக்டோபர்ல, காபி சாப்பிட."

"ஆம்பளையா?"

"ஆமா."

வெர்னா சக்கரத்தை நிறுத்தியேவிட்டாள். "அடிக் கள்ளி! அறுபது வயசுல! எங்கிட்ட மூச்சு விடலையே! ஆள் எப்படி?"

"எப்படி இருப்பார்னு தெரியலை. போன்லதான் பேசினோம்."

"போட்டோ?"

"கேட்கலை. கேட்கப் பயமா இருந்துச்சு."

"நல்லா இருக்கு! எவனாவது ஏமாத்துக்காரனா இருந்தா?"

"சே, அப்படிப் பேசாதே. தச்சு வேலை பார்க்கிறாராம். பாலில்லாத காபிதான் குடிப்பாராம்."

"தச்சன்னா கை முறம் மாதிரி இருக்கும். பெரிசா வை."

"பெரிசாத்தான் வெச்சேன். ஆனா பேச்சு ரொம்ப மெதுவா இருக்கு, வெர்னா. கையும் மெலிசா இருந்துட்டா?"

"வெள்ளைப் பேப்பர்ல கையை வெச்சு வரைஞ்சு அனுப்பச் சொல்லேன்."

"முதல் முதலா வீட்டுக்கு வர்றவங்ககிட்ட கை அளவா கேட்பாங்க?"

டார்லீன் சிரித்தாள். ஆனால் கண்கள் சிரிக்கவில்லை.

"கப்பு கைக்குத் தோதா இல்லைன்னா என்ன ஆகும் தெரியுமா? ரெண்டு வாய் குடிச்சுட்டுக் கீழே வெச்சுடுவாங்க. அப்புறம் வாட்சைப் பார்ப்பாங்க, கிளம்பிடுவாங்க. கைக்கு இதமா உட்கார்ந்துட்டா, கையிலயே வெச்சுக்கிட்டு, இன்னொரு கப் கேட்பாங்க. எனக்கு அந்த இன்னொரு கப் வேணும்டி."

வெர்னாவுக்குக் கேலி செய்ய மனம் வரவில்லை. எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இந்த ஒண்ணையே பிச்சுப் பிச்சு ஒட்டாதே. நாலஞ்சு செய். பெரிய கைக்கு, சின்னக் கைக்கு, நடுவாந்தரத்துக்கு. எது பிடிக்குதோ எடுத்துக்கட்டும்."

இது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று டார்லீன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். நெற்றியில் மண் அப்பியது. பெரிய உருண்டையாக மண்ணை எடுத்து, கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, பால் கறப்பதுபோல மெல்ல உருவினாள். வழவழவென்று கைப்பிடி இறங்கி வந்தது. காலையிலிருந்து இல்லாத நிம்மதி அவள் முகத்தில் தெரிந்தது.

"இந்த உலகத்துல உன் கண்ணுல படாத கை ஒண்ணாவது இருக்கே!" என்றாள் வெர்னா.

டார்லீனின் கை நின்றது.

"பட்டிருக்கு. பார்த்திருக்கேன்."

ஈரம் சொட்டும் ஆள்காட்டி விரலை உயர்த்திக் காட்டினாள்.

"அப்ப எனக்குப் பதினேழு வயசு. தத்து எடுத்தவங்க ஆஸ்பத்திரிக்கு வந்து அவனை வாங்கிட்டுப் போற வரைக்கும், இந்த விரலைத்தான் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டிருந்தான்."